கண் அட்டையை மனப்பாடம் செய்த பிள்ளை

என் மகள் தாரிணிக்குக் கண் சரியாகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கேட்கிறவர்கள் பாதியிலேயே "கடைசியில என்ன ஆச்சு, அதைச் சொல்லு" என்று பிடுங்குகிறார்கள். சரியாகிவிட்டது. ஆனால் நடுவில் நடந்த கூத்தில் பாதிக்கு நான்தான் காரணம். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இன்னொரு வீட்டில் இன்னொரு அம்மா அதே கிறுக்குத்தனத்தைச் செய்யாமல் இருப்பாள் என்று எழுதுகிறேன்.

பள்ளிகள் மூடிக்கிடந்த இரண்டாவது வருஷம் அது. தாரிணிக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. எங்களுக்கு ஊர் ஹனூர் பக்கம். மைசூரில் விஜயநகரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். என் வீட்டுக்காரர் முருகேசன் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். பெரிய போன் ஒன்றுதான் இருந்தது. அதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அவர் பட்டன் போனுக்குப் போய்விட்டார்.

அந்தப் பிள்ளையின் ஒரு நாளைக் கேளுங்கள். காலை ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை வகுப்பு. சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆப்பில் வீட்டுப்பாடம். நாலு மணிக்கு அபாகஸ். ஆறு மணிக்கு இங்கிலீஷ் ட்யூஷன். எல்லாம் அதே உள்ளங்கையளவு திரையில். மிஸ் ஒரு பலகையில் எழுதி அதைக் காட்டுவார். பலகை முழுவதும் திரையில் வந்தால் எழுத்து எறும்பாகத் தெரியும். "கிட்ட வெச்சுப் பாரு கண்ணு, ஒண்ணும் விட்டுடாத" என்று சொன்ன மகராசி நான்தான். மூக்குக்கும் போனுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். போனிலேயே பரீட்சையும் வைத்தார்கள். மிஸ் கேள்வி கேட்டதும் திரையில் இருக்கும் முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்ப்பார்கள். பக்கத்தில் யார்? அம்மாக்கள்தான். நான் தையல் மெஷின் பக்கத்தில் குண்டூசி பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டு விடையை முணுமுணுப்பேன். அவளும் என் உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. அந்த மார்க்கை ஊரில் இருக்கும் தம்பிக்கு போன் போட்டுச் சொல்லும் வெட்கங்கெட்டவளாகவும் இருந்தேன்.

முதலில் தலைவலி என்றாள். தலைக்கு விளக்கெண்ணெய் வைத்தேன். கண்ணைக் கசக்கினாள். பொன்னாங்கண்ணிக் கீரை வாங்கிக் கடைந்து போட்டேன். பிறகு ஒரு நாள், "அம்மா, மிஸ் ரெண்டா தெரியறாங்க" என்றாள்.

"ஒரு மிஸ்ஸையே தாங்க முடியல, இதுல ரெண்டு வேறயா?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு ஹூக் தைக்கப் போய்விட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் வகுப்பில் மிஸ்ஸின் குரல் உயர்ந்தது. "தாரிணி, நான் இங்க பேசிட்டிருக்கேன், நீ எங்க பார்க்கிறே? கேமராவைப் பாரு!" பிள்ளை, "பார்த்துட்டுதான் மிஸ் இருக்கேன்" என்றாள். எதிர்த்துப் பேசுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போய் முகவாயைப் பிடித்துத் திருப்பினேன். வலது கண் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கண் என்னைப் பார்த்தது.

வீட்டுக்காரர் ஷிப்டை விட்டு வந்தார். பெரிய மருத்துவமனை ஒன்றின் கண் பிரிவுக்குப் போனோம். அங்கே டோக்கன் காகிதத்தில் தரமாட்டார்களாம். சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தை போனில் படம் பிடித்து, ஆப் இறக்கி, அதில் நம்பரைப் பார்க்க வேண்டுமாம். கண் தெரியவில்லை என்று வருகிற வயதானவர்கள் எல்லாம் போனைத் தூரமாகவும் கிட்டத்திலும் நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவன் யோசித்த யோசனையோ, அவனைக் கூட்டி வந்து அந்த வரிசையில் நிற்கவைக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பார்வை சோதிக்கும் அறையின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே சுவரில் எழுத்து அட்டை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. தாரிணி என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இதுல ஃபெயில் ஆனா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

இங்கேதான் நான் புத்தியை அடகு வைத்தேன். "ஃபெயில் எல்லாம் ஆக மாட்ட, இரு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து போய் கதவோரம் நின்று அட்டையைப் படித்தேன். திரும்பி வந்து அவள் காதில் சொன்னேன். ஈ. எஃப், பி. டி, ஓ, இசட். மறுபடி போய் அடுத்த இரண்டு வரி. மறுபடி வந்து சொன்னேன். இப்படியே கடைசிக்கு முந்தின வரிவரை. வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கவைத்தேன். சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிவிட்டுவிடுவார்களே, பெண்பிள்ளையாயிற்றே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் பழக்கம். டெஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டிருந்தது. வீட்டுக்காரர் பில் கவுன்டரில் நின்றிருந்தார். அவர் இருந்திருந்தால் தலையிலேயே ஒன்று போட்டிருப்பார்.

உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணை மூடி, தாரிணி கடைசிக்கு முந்தின வரிவரை தப்பில்லாமல் சொன்னாள். சோதித்த பெண், "வெரி குட்" என்றாள். நானும் உள்ளுக்குள் வெரி குட் என்று சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. கன்னடத்தில்தான் பேசினார். எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். விரலை வலப்பக்கம் கொண்டுபோய் அதைப் பார்க்கச் சொன்னார். வலது கண் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. இடது கண்ணும் இடப்பக்கம் முழுசாகப் போகவில்லை. காகிதத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். முகம் மாறியது.

"தூரப் பார்வை நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. ஆனா கண்ணு வெளிப்பக்கம் போக மாட்டேங்குது. கண்ணை வெளியே இழுக்கிற நரம்பு மூளையிலிருந்து வருதும்மா. தலைக்குள்ள அழுத்தம் எதாவது இருந்தா முதல்ல அதுதான் சோர்ந்துபோகும். அட்மிட் பண்ணிடுங்க. ஸ்கேன் பார்த்துடலாம்."

"அழுத்தம்னா என்னங்க மேடம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"கட்டி இருக்கலாம், நீர் கோத்திருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். பார்க்காம சொல்ல மாட்டேன்."

கட்டி என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை ஸ்கேன் முடியும்வரை போட வேண்டாம், கண்மணி எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதாக வீட்டுக்காரர்தான் பிறகு சொன்னார்.

குழந்தைகள் வார்டில் கட்டில் கொடுத்தார்கள். கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டை நீட்டினால், கவுன்டரில் இருந்தவர் இது கண் கேஸா, தலை கேஸா என்று கேட்டார். கண்ணுக்காக வந்தோம், தலையை ஸ்கேன் எடுக்கிறார்கள் என்றோம். அப்படியென்றால் இரண்டுக்கும் தனித்தனிக் கடிதம் வேண்டுமாம். "கண்ணு தலையிலதானுங்க இருக்குது" என்று வீட்டுக்காரர் சொன்னார். சிரிக்கவைக்கச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் சொன்னார். கடைசியில் கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கிக் கட்டினார்.

ஒருவர்தான் உடன் இருக்கலாம் என்றதால் நான் இருந்தேன். வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து சமைத்து எடுத்துக்கொண்டு வந்து கீழே கேட்டில் கொடுத்துவிட்டுப் போவார். அந்த மனிதருக்கு வெந்நீரைத் தவிர ஒன்றும் வைக்கத் தெரியாது. அரிசி உப்புமா கல்லு மாதிரி இருந்தது. ஆனால் தயிர்ச்சாதத்தில் மாதுளம் முத்துகளை ஒவ்வொன்றாக உதிர்த்துப் போட்டு, கசக்கும் தோலைக்கூடப் பொறுக்கி எடுத்திருந்தார். தாரிணி அதை மட்டும் வழித்துச் சாப்பிட்டாள். இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டே சாப்பிட்டாள்.

அந்த வார்டில் எல்லாக் கட்டிலிலும் ஒரு போன். ஊசி போட்டால் போன், மாத்திரைக்குப் போன், சாப்பாட்டுக்குப் போன். நர்ஸே வந்து, "அழாதே புட்டா" என்று கொஞ்சி, "அம்மா போன்ல கார்ட்டூன் போடுவாங்க" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கையிலிருந்த ட்ரேயைத் தட்டிவிட்டிருப்பேன். தாரிணியே, "பேடா சிஸ்டர், எனக்கு போன் பேடா" என்று கன்னடத்திலேயே வேண்டாம் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்கேன் மெஷினுக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் டாக்டர் மூன்று இளம் டாக்டர்களோடு வந்தார். அவர்களுக்குப் பாடம் எடுத்தார், நானும் நின்று கேட்டேன். கண்ணுக்குள் ஒரு சின்னத் தசை இருக்கிறதாம். கிட்டத்தில் பார்க்கும்போது அது இறுகும், தூரத்தில் பார்க்கும்போது தளரும். நாள் பூராவும் கிட்டவே பார்த்தால் சில பிள்ளைகளுக்கு, கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதைப் போல, இறுகினபடியே நின்றுவிடும். அப்போது கண்கள் மூக்குப் பக்கம் திரும்பும், தூரம் மங்கிப்போகும். மருந்து விட்டால் தளர்ந்துவிடும்.

"இந்தப் பிள்ளைக்கும் அதாத்தான் இருக்கும்னு முதல்ல நினைச்சேன். ஆனா தூரத்துல இருக்கிற சின்ன எழுத்தைக்கூடப் படிக்கிறா. மங்கலா தெரியுதுன்னு சொல்லியிருந்தா நான் இவ்வளவு பயப்பட மாட்டேன்" என்றார்.

அந்த நிமிஷமே வாயைத் திறந்திருக்க வேண்டும். மூன்று படித்த பிள்ளைகள் கையில் நோட்டோடு நிற்கிறார்கள், அவர்கள் முன்னால் கண் டெஸ்டில் காப்பி அடிக்கச் சொல்லிக்கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? மானம் என் வாயைக் கட்டிவிட்டது. அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

ஒருவேளை நிஜமாகவே தெரிந்திருக்குமோ என்று தாரிணியிடம் கேட்டேன். "கண்ணு, அன்னிக்கு அந்த அட்டை உனக்குத் தெரிஞ்சுதா?"

"நீ சொன்னதைத்தாம்மா சொன்னேன். சரியாத்தானே சொன்னேன்?"

"நீயா எத்தனை வரி பார்த்தே?"

"மேல இருக்கிற பெரிசு மட்டும். அதுவும் மங்கலா."

சாயங்காலம் தேடிப் போனால், டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். நர்ஸிடம் சொல்லலாமா என்று நாலு தடவை எழுந்து நாலு தடவை உட்கார்ந்தேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். விடிந்ததும், ஒரு இடம் காலியாகிவிட்டது, உடனே வாங்க என்று ஆறரை மணிக்கே பிள்ளையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கம்மல், கொலுசு, கையில் கட்டியிருந்த மந்திரித்த கயிறு எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து கருங்கல்லில் துளை போடுகிற சத்தம் விட்டுவிட்டு வந்தது. நான் அழுதேன், திட்டினேன், எங்கள் மலைச்சாமி மாதேஸ்வரனைக் கூப்பிட்டேன். யாரைத் திட்டினேன் என்று கேட்டால், முதலில் மிஸ்ஸை, பிறகு ஆப் செய்தவனை, கடைசியில் என்னை.

ஸ்கேன் முடிந்து பிள்ளையை வார்டில் விட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு டாக்டர் காரிலிருந்து இறங்கும்போதே போய் மறித்தேன்.

"மேடம், என் பொண்ணுக்குத் தூரத்துல ஒண்ணும் தெரியல. நான்தான் அந்த அட்டையை மனப்பாடம் பண்ணவெச்சேன்."

அவர் புரியாமல் பார்த்தார். "எதை?"

"எழுத்தை. வெளியில உட்கார்ந்திருக்கும்போது நான் பார்த்துட்டு வந்து சொல்லிக்கொடுத்தேன்."

கண்ணாடியைக் கழற்றி, நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஏம்மா, கண் டெஸ்ட் என்ன பரீட்சையா? ஃபெயில் ஆகத்தானேம்மா இங்க வருவாங்க! எங்க தெரியலையோ அங்கதான் எனக்கு விஷயமே இருக்கு. நீங்க அதை அழிச்சுட்டு நூத்துக்கு நூறு போட்டுக்கொடுத்தா நான் என்னத்தை வெச்சு வைத்தியம் பார்ப்பேன்?" வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார். கத்தட்டும் என்று நின்றேன். ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை.

தாரிணியை நேராகப் பார்வை அறைக்குக் கூட்டி வரச் சொன்னார். அட்டையை எடுத்துவிட்டு ஒரு திரையில் வெறும் எண்களைப் போட்டார். நான் சுவரோரம் நின்றேன். தாரிணி நிமிர்ந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஆரம்பித்தாள்.

"ஈ. எஃப், பி. டி, ஓ, இசட்..."

திரையில் ஏழு, இரண்டு, ஒன்பது என்று இருந்தது. ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை. யாரும் அவளை நிறுத்தவில்லை. "போதும் கண்ணு, நிறுத்து" என்று நான்தான் சொன்னேன்.

டாக்டர் குனிந்து, "யாரு புட்டா இதைச் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"யாரும் இல்ல மேடம். நானேதான்" என்றாள்.

மதியம் ஸ்கேன் முடிவு வந்தது. தலைக்குள் ஒன்றும் இல்லை. கண் தசைதான். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட் பக்கத்தில் டிபன் பையோடு நின்றவர் பையை என் கையில் கொடுத்தார். "ஏம் புள்ள, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் அவர் இரண்டு அடி அடித்திருக்கலாம்.

சொட்டு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தசையைக் கட்டாயமாகத் தளரவைக்கும் மருந்து. அதைப் போட்டால் கண்மணி அகலமாகத் திறந்துகொண்டு வெயில் கூசும், கிட்டத்தில் எதுவும் படிக்க முடியாது. ஆறு வாரத்தில் கண் நேராகவில்லை என்றால் ஆபரேஷன் யோசிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை போன் கூடவே கூடாது.

பிள்ளை கொஞ்ச நாள் வகுப்புக்கு வர மாட்டாள் என்று பள்ளிக்கு போன் செய்தேன். டாக்டர் சர்டிபிகேட்டை ஆப்பில் ஏற்றுங்கள் என்றார்கள். திறந்தால், மாணவியின் முகத்தைக் காட்டு என்றது ஆப். காட்டினேன். கேமராவை நேராகப் பார்க்கவும் என்றது. கண் நேராக இல்லை என்பதற்குத்தான் சர்டிபிகேட் என்று ஒரு போனிடம் எப்படிச் சொல்வது? ஏழு தடவை காட்டிவிட்டு, போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

ஷிப்ட் முடிந்து வந்து வீட்டுக்காரர்தான் பாடப் புத்தகத்தை வாசித்துக்காட்டுவார். அவர் இங்கிலீஷைக் கேட்டால் புத்தகமே எழுந்து ஓடிவிடும். தாரிணி கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, "அப்பா, அது அப்படி இல்லப்பா" என்று திருத்துவாள். சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் சாமுண்டி மலையைப் பார்க்கவைப்போம். தூரத்தில் பார்க்கிற எதுவும் கண்ணுக்கு ஓய்வுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனி போன் எடுத்தாலும் கை நீட்டின தூரத்தில் வைக்க வேண்டும், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கிச் சன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும், தினமும் பகல் வெளிச்சத்தில் ஓடியாட வேண்டும். இவ்வளவுதான். இது எனக்குப் புரிய ஒரு ஸ்கேன் ஆக வேண்டியிருந்தது.

பத்தாம் நாளும் இரண்டாகத்தான் தெரிந்தது. பதினெட்டாம் நாள் காலையில், "அம்மா, நீ ஒரே ஆளா இருக்கே" என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். ஐந்தாம் வாரம் டாக்டர் விரலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் வேண்டாம், மருந்தையும் நிறுத்திடலாம், போங்க" என்றார். எனக்கு அந்த அறையிலேயே விழுந்து கும்பிடத் தோன்றியது.

அதற்கு அடுத்த வாரம் வகுப்புப் பரீட்சை வந்தது. போனைக் கை நீட்டும் தூரத்தில் ஒரு பலகை மேல் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தா பாரு கண்ணு, இனிமே அம்மா விடை சொல்ல மாட்டேன். எத்தனை வந்தாலும் பரவாயில்ல" என்றேன். அழுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்தேன்.

"சொல்லாதம்மா" என்றாள். "சொன்னா மறுபடி அந்த மெஷினுக்குள்ள போட்டுடுவாங்க."

"எந்த மெஷின்?"

"சத்தம் போடுமே, அது. காப்பி அடிச்சதுக்குத்தானே போட்டாங்க?"

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உன்னையும் போட்டுடுவாங்கன்னுதாம்மா நீ சொல்லிக்கொடுத்ததை நான் யார்கிட்டயும் சொல்லல. டாக்டர் மேடம் கேட்டப்பகூட சொல்லல."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். திரையில் மிஸ், "தாரிணி, எங்க போனே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.